அக்கா வீட்டில் தேவைப்படவில்லை

நீகாத்தா
2002, அக்டோபர் 29

மதிப்பிற்குரிய மசாயோ அண்ணிக்கு,

காலையில் சன்னலைத் திறந்தால் மூக்கு நுனி சில்லிடுகிறது. தீவில் இன்னும் காற்றடிக்கும். உங்கள் காது வலி எப்படி இருக்கிறது? தொலைபேசியில் கத்தி உங்களைச் சிரமப்படுத்துவதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

உங்கள் தம்பி பத்திரமாக வந்து சேர்ந்தார். பெர்சிமன் பழப் பெட்டி மறுநாளே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்கும், நான் வேலை பார்க்கும் சலவைக் கடை முதலாளிக்கும் கொடுத்தேன். எல்லாரும் இனிப்பைப் புகழ்ந்தார்கள். பத்து நாள் உங்களுடன் இருந்து பழம் பறித்ததில் அவர் கழுத்து கறுத்து, கன்னம் சிவந்து, வேறு ஆளாகத் தெரிகிறார்.

அவர் பெட்டியைப் பிரித்து அழுக்குத் துணியை எடுத்தபோது அடியில் அந்த மருந்துப் பை கிடந்தது. 'மனம் பதறும்போது ஒன்று' என்று அச்சடித்த வெள்ளைக் காகிதப் பை. நான் வாயை மடித்துக் கிளிப் போட்டு அனுப்பியிருந்தேன். மடிப்பும் கிளிப்பும் அப்படியே இருந்தன.

"மாத்திரை எடுத்துக்கவே இல்லையா?" என்று கேட்டேன்.

"தேவைப்படல."

"அத்தனை நாளுமா?"

"அக்கா வீட்டுல தேவைப்படல" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. அவர் பாடுவார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மறுநாள் சாயங்காலம், குளியலறைக் கூரையில் விரிசல் விட்டிருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் அவர் கை நெஞ்சுக்குப் போயிற்று. எழுந்து போய் ஒன்றைப் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். பையிலிருந்து தெறித்த கிளிப் என் காலடியில் வந்து விழுந்தது.

உங்கள் வீட்டில் அப்படி என்ன செய்கிறீர்கள், அண்ணி? தெரிந்தால் நானும் செய்வேன். மறைக்காமல் எழுதுங்கள். குளிரில் வெளியே அதிகம் நிற்காதீர்கள்.

வணக்கத்துடன்,
ரிட்சுக்கோ


சாதோ தீவு
நவம்பர் 6

ரிட்சுக்கோவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். காது வலிக்கவில்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான். அங்கே நீங்கள் இருவரும் சுகம் என்று நம்புகிறேன்.

நான் ஒன்றும் செய்யவில்லை. காலையில் எழுப்பமாட்டேன். அவனாக எழுந்து வருவான். கொட்டகையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பழத்தைப் பெரிது சிறிது என்று பிரிப்பான். "எப்படி இருக்கு?" என்று நான் கேட்பதில்லை. கேட்டால் பதில் என் காதில் விழவேண்டுமே. சேப்பங்கிழங்கும் கோழியும் போட்டுக் குழம்பு வைத்தேன். சட்டியின் அடிவரை வழித்துச் சாப்பிட்டான்.

பக்கத்து வீட்டு நிஷிமுரா அம்மா வந்து பார்த்துவிட்டு, "உன் தம்பி முகத்துல இப்பத்தான் ரத்தம் ஓடுது. வந்த அன்னிக்குப் புழிஞ்சு காயப்போட்ட மாதிரி இருந்தான், யாரு புழிஞ்சா?" என்றாள். அதுவும் எனக்கே கேட்கும்படி கத்தி. அவள் வாய் அப்படி.

நீ நல்ல மனைவி. அவனைப் பொழுதுக்கும் கவனிக்கிறாய். அதுதான் சிக்கலோ என்னவோ. கொஞ்சம் விட்டுப் பார். விரிசலையெல்லாம் கொத்தனாரிடம் சொல்லு.

குழம்புக்குச் சர்க்கரை முதலில், சோயா சாறு கடைசியில்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
மசாயோ


நீகாத்தா
நவம்பர் 21

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

தூரத்து மலைகளில் பனி விழுந்துவிட்டது. இங்கே இன்னும் மழைதான். நீங்கள் நலமாக இருப்பது அறிந்து நிம்மதி.

நீங்கள் சொன்னபடியே குழம்பு வைத்தேன். முதல் வாயிலேயே நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

"ஏன், நல்லாயில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. அக்கா வைக்கிற மாதிரியே இருக்கு." இன்னொரு வாய் சாப்பிட்டார். "ஆனா அது இல்ல."

நலம் விசாரிப்பதையும் நிறுத்தினேன். வேலையிலிருந்து வந்தால் தேநீரை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். மூன்றாம் நாள், "எம்மேல என்ன கோவம்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப ஏன் பேசமாட்டேங்கிற?" என்று மூச்சு வாங்கினார். அன்றைக்கும் ஒன்று போட்டுக்கொண்டார். பேசினாலும் போடுகிறார், பேசாவிட்டாலும் போடுகிறார்.

டாக்டரிடம் கூடவே போனேன். சின்ன வயதுப் பெண். "தேவைப்படறப்ப எடுத்துக்கத்தான் கொடுத்திருக்கேன். எடுத்தா தோத்ததா அர்த்தமில்ல, எடுக்கலேன்னா ஜெயிச்சதாவும் இல்ல. அதை வச்சு யாரும் யாருக்கும் மார்க் போடாதீங்க" என்றார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

நான் மார்க் போடவில்லை. ஆனால் பாத்திரம் கழுவும்போது உள்ளறையில் மாத்திரை அட்டை நொறுங்கும் சத்தம் கேட்டால், கடைசியாக நான் என்ன பேசினேன் என்றுதான் மனம் ஓடுகிறது. ஒவ்வொரு மாத்திரையும் என்மேல் எழுதிய புகார் மாதிரி இருக்கிறது. அவர் வேலை பார்க்கும் அச்சகத்தில் பதற்றம் வந்தால் மாத்திரையை அங்கேயே விழுங்கிவிட்டு வந்து நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கலாமே, எல்லாவற்றையும் என்னிடம்தான் கொண்டுவர வேண்டுமா என்றும் தோன்றுகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அங்கே இருந்த நாட்களில் ஒரு தடவைகூட அவர் முகம் வெளுக்கவில்லையா? உள்ளங்கை வியர்க்கவில்லையா? உண்மையாகவே?

பனிக்காலம் வருகிறது, கவனமாக இருங்கள்.
ரிட்சுக்கோ


சாதோ தீவு
டிசம்பர் 2

ரிட்சுக்கோவுக்கு,

நலம். அறுவடை முடிந்தது. கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள் கடைசிப் பெட்டியையும் ஏற்றிப் போனார்கள். முள்ளங்கி ஊறுகாய்ச் சாடியில் நேற்றுதான் அழுத்தக் கல் வைத்தேன். இனி வீட்டில் ஒரு ஆள் இருக்கிற சத்தம்தான், அதுவும் எனக்குக் கேட்காது.

தம்பி ஹாருவுக்கு நான்கு வயதாகும்போது அம்மா போய்விட்டாள் என்பது உனக்குத் தெரியும். அவனை முதுகில் கட்டிக்கொண்டுதான் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வேலை செய்வேன். மூடுபனியில் கப்பல் சங்கு ஊதினால் பயந்து அலறுவான். இரண்டு காதையும் என் உள்ளங்கையால் மூடுவேன், அடங்கிவிடுவான். என்ன மாத்திரை இருந்தது அப்போது?

உங்கள் கல்யாணப் படத்தை மாட்டி வைத்திருக்கிறேன். உன் தலை அலங்காரம் பெரிது, அவன் முகத்தில் பாதி தெரியாது. பதினெட்டு வருடமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

புத்தாண்டு முடிந்ததும் அவனை அனுப்பு. ஜனவரியில் மரங்களுக்குக் கிளை வெட்டவேண்டும். என்னால் ஏணி ஏற முடிவதில்லை.

உன் கேள்விக்கு: பை பிரிக்காமல் வந்ததை நீயே பார்த்தாயே.

குளிர் ஒத்துக்கொள்கிறதா? பார்த்து இரு.
மசாயோ


நீகாத்தா
டிசம்பர் 15

அண்ணிக்கு,

அனுப்பிய ஊறுகாய் வந்தது. நன்றி. எங்கள் இருவருக்கும் சளி, மற்றபடி நலம்.

ஒரு விஷயத்தை நேராகவே எழுதுகிறேன். உங்கள் தம்பி அச்சகத்து வேலையை விட்டுவிட்டுத் தீவுக்கே வந்துவிடுவதாகச் சொல்கிறார். நாட்காட்டி அச்சடிக்கும் பருவம், இயந்திரம் ஓயாமல் ஓடுகிறது, போகிற பேருந்திலேயே அவருக்கு நெஞ்சு அடைக்கிறது. அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்ன விதம்தான்.

"அங்க எனக்கு மாத்திரையே வேணாம், ரிட்சுக்கோ. அதுக்கு மேல என்ன சொல்லணும்?"

"நான்?"

"நீயும் வா."

"சலவைக் கடை?"

"தீவுலயும் அழுக்குத்துணி இருக்கும்."

சிரிக்கவைக்கத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சரியாகிப் போயிருக்குமோ என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

அண்ணி, நான் அவரை உங்களிடமிருந்து பறித்துக்கொண்டு வந்ததாக நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். அந்தப் படத்தைப் பற்றி எழுதியதிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் இங்கே அவர் மோசமாக இருக்கும் நாட்களில் பக்கத்தில் இருப்பது நான். வியர்த்து நனைந்த துணியை மாற்றுவது நான். நல்ல நாட்கள் மட்டும் உங்களுக்கு வருகின்றன. இது நியாயமா?

ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள். 'இங்கே இடமில்லை' என்று. நீங்கள் சொன்னால் கேட்பார். நான் சொன்னால் மாத்திரை போட்டுக்கொள்வார்.

ரிட்சுக்கோ


சாதோ தீவு
டிசம்பர் 22

ரிட்சுக்கோவுக்கு,

சளிக்கு இஞ்சி வெந்நீர் குடி. எனக்கு ஒன்றுமில்லை.

இடம் இருக்கிறது. மாடி அறையைச் சுத்தம் செய்து, காகிதக் கதவுக்குப் புதுத் தாள் ஒட்டிவிட்டேன். தெற்கு வெயில் நன்றாக வரும். நீயும் வரலாம், இரண்டு படுக்கை விரிக்கலாம். இல்லாத ஒன்றை இருக்கிறது என்றோ, இருப்பதை இல்லை என்றோ எழுத எனக்கு வராது.

அவனை வரச்சொல்லி நான் கூப்பிடவில்லை. கிளை வெட்டத்தான் கூப்பிட்டேன். வந்து இருந்து பார்க்கட்டும். எங்கே உடம்பு ஒத்துக்கொள்கிறது என்று உடம்புக்குத் தெரியும்.

நல்ல நாட்கள் எனக்கு என்று எழுதியிருக்கிறாய். வருடத்தில் பத்து நாள். மற்றதெல்லாம் உனக்கு. மாற்றிக்கொள்ளலாமா?

புத்தாண்டு நன்றாகப் பிறக்கட்டும்.
மசாயோ


நீகாத்தா
2003, ஜனவரி 10

அண்ணிக்கு,

புத்தாண்டு வணக்கம். இந்த வருடமும் உங்கள் அன்பு வேண்டும் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன்.

அவர் நாளைக் காலைக் கப்பலில் வருகிறார். அச்சகத்தில் ஒரு மாத விடுப்புதான் கேட்டிருக்கிறார். வேலையை விடுவதைப் பற்றித் திரும்பி வந்து பேசலாம் என்பது வரைக்கும் அவரை இறங்கிவரச் செய்துவிட்டேன்.

கம்பளிக் காலுறை நான்கு ஜோடி, உங்களுக்குப் பச்சைத் தேயிலை ஒரு டப்பா வைத்திருக்கிறேன். புது மருந்துப் பையும் இருக்கிறது. இந்தத் தடவை கிளிப் போடவில்லை. பையின் வாயை ஊசி நூலால் தைத்துவிட்டேன். அவர் பார்த்துச் சிரித்தார்.

"அவசரத்துக்குக் கத்திரிக்கோல் தேடணுமா?"

"இழுத்தா பிரிஞ்சிடும். கழண்டு விழாம இருக்கத்தான்."

கழண்டு விழாமல் இருப்பதற்காக நான் தைக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியட்டும்.

முதல் தேதி கோயிலுக்குப் போனோம். அவர் பக்கத்தில் நின்று கைதட்டிக் கும்பிட்டேன். மனைவி என்ன வேண்டிக்கொள்வாள்? புருஷனுக்குக் குணமாகவேண்டும் என்று. நான், அந்தத் தையல் பிரிந்து வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். உங்கள் மாடி அறையில், உங்கள் தெற்கு வெயிலில் உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு நெஞ்சு அடைக்கவேண்டும், அவர் அந்த நூலை இழுக்கவேண்டும் என்று.

இதை எழுதியிருக்கக்கூடாது. மையில் எழுதிவிட்டேன், அழிக்கவும் முடியாது. இன்னொரு தாளில் எழுதினாலும் இதேதான் வரும்.

பனியில் பார்த்து நடங்கள்.
ரிட்சுக்கோ


சாதோ தீவு
ஜனவரி 30

ரிட்சுக்கோவுக்கு,

நிஷிமுரா அம்மா உனக்குப் போன் செய்து சொல்லியிருப்பாள். விவரத்தை நான் எழுதுகிறேன். பயப்படாதே.

நேற்றுக் காலை ஹாரு கிளை வெட்டும்போது ஏணியிலிருந்து விழுந்துவிட்டான். தோள்பட்டை எலும்பும் விலா இரண்டும் முறிந்தன. தலையில் அடியில்லை. ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிருக்கு ஒன்றுமில்லை. ஏணிப் படியில் பனி உறைந்திருந்தது, கால் வழுக்கியது.

தூங்கிக்கொண்டே இருக்கிறான். வலிக்குக் கொடுத்த மருந்து என்று நினைக்கிறேன். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று டாக்டர் எழுதிக் காட்டிக் கேட்டார். பை ஒன்று இருக்கிறது, பிரிக்கவில்லை என்றேன்.

கடல் மோசமாக இருக்கிறது. கப்பல் விடுவதும் நிறுத்துவதுமாக இருக்கிறார்கள். நீ வரவேண்டியதில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் தையல் அப்படியே இருக்கிறது. இதை இப்போது சொல்லவேண்டுமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன்.

மசாயோ


நீகாத்தா
மார்ச் 3

அண்ணிக்கு,

நாங்கள் நலமாக வீடு வந்து சேர்ந்தோம். கப்பலில் அவருக்கு வலி தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் எனக்கும் சேர்த்து மூன்று வேளையும் சமைத்து எடுத்துவந்தீர்கள். நன்றி சொல்லாமல் கிளம்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

நேரில் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. நான் கப்பல் ஏறி வந்த இரண்டாம் நாள். நீங்கள் அவருடைய மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போயிருந்தீர்கள். அவர் கண்ணைத் திறந்தார்.

"வழுக்கல" என்றார். "கண்ணு சொக்கிச்சு. எந்தப் படியில நிக்கிறேன்னே தெரியல."

"தூக்கமில்லையா?"

"அக்கா மாத்திரை. காலையில பதட்டமா இருந்தது, ஒண்ணு போட்டேன். அடங்கல. இன்னொண்ணும் போட்டேன். என்னோடதைவிட அது வேகம் போல."

"அக்காவுக்கு ஏது மாத்திரை?"

"அத்தான் போனதுலேர்ந்து வச்சிருக்கா. என்னோடது மாதிரிதான், வேணுங்கிறப்ப மட்டும். யார்கிட்டயும் சொல்லாதேன்னா."

"உங்க பை என்ன ஆச்சு?"

அவர் சுவரைப் பார்த்தார். "அதைப் பிரிக்கவேணாம், அவகிட்ட அப்படியே போகட்டும்னு அக்கா சொன்னா. போன அறுவடைக்கும் அப்படித்தான்."

"நீங்களும் சரின்னுட்டீங்க."

"எனக்கும் நல்லாத்தான் இருந்தது. ஒரு எடத்துலயாவது நான் குணமாயிட்டேன்னு நீ நம்பணும்னு இருந்தது. அப்புறம் நானே நம்பிட்டேன்."

உடனே ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் வலி மருந்தை மாற்றினார். ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையை இன்னொருவர் விழுங்குவது எவ்வளவு ஆபத்து என்று என்னை வைத்துத் திட்டினார். நீங்கள் வாங்கவேண்டிய திட்டு. நான் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் அதற்கு முன்னால், அவர் சொல்லி முடித்த அந்த நொடியில், எனக்கு முதலில் வந்தது பயமில்லை. கோபமும் இல்லை. அங்கேயும் தேவைப்பட்டது, அவள் வீட்டிலும் தேவைப்பட்டது என்று உள்ளுக்குள் துள்ளியது. எலும்பு முறிந்து கிடக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் சந்தோஷப்பட்டேன், அண்ணி. என் வேண்டுதல் பலித்த விதம் அது.

அப்போது நீங்கள் துணியோடு வந்தீர்கள். காலுறையைக் கோட்டுக்குள் வைத்துச் சூடாக்கிக் கொண்டுவந்திருந்தீர்கள். அவர் காலில் மாட்டும்போது உங்கள் கை நடுங்கியது. அந்த நடுக்கத்தை நான் என் வீட்டில் தினமும் பார்க்கிறேன். உங்கள் கையில் பார்த்தபோது எனக்குச் சொல்ல வைத்திருந்த எல்லாம் போய்விட்டது. உங்கள் மாத்திரைகளை அவர் எடுத்துக்கொண்டபோது நீங்கள் எதை வைத்துச் சமாளித்தீர்கள்?

உங்கள் ஜனவரிக் கடிதத்தை ஊருக்கு வந்துதான் படித்தேன். தையலைப் பற்றிய வரியை மன்னிக்கவில்லை. கடிதத்தைக் கிழிக்கவும் இல்லை.

ரிட்சுக்கோ


சாதோ தீவு
ஏப்ரல் 27

ரிட்சுக்கோவுக்கு,

நீ நலமா? ஹாருவின் தோள் எப்படி இருக்கிறது? பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. செர்ரி பூத்து உதிர்ந்தும் போயிற்று. பெர்சிமனில் இளம் இலை விட்டிருக்கிறது. ஹாரு பாதியில் விட்ட மரத்தில் ஒரு பக்கம் மட்டும் அடர்ந்து நிற்கிறது.

அவன் சொன்னது உண்மை.

அக்டோபரில் வந்த இரண்டாம் நாள். கொட்டகையில் பெட்டிகளுக்கு நடுவே வெளுத்துப்போய் உட்கார்ந்துவிட்டான். என் மேலங்கிப் பையில் என்னுடையது இருந்தது. கொடுத்தேன். அவசரத்துக்குச் செய்தது. அவனுடையது மாடியில் இருந்தது, இரண்டு நிமிடம் ஏறி இறங்கினால் போதும். மறுநாளிலிருந்து அதை எடுக்கவிடாமல் செய்தது நான்தான். உனக்குப் பதினெட்டு வருடம் கிடைத்தது. எனக்குக் கிடைத்த பத்து நாளாவது கறையில்லாமல் உன் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும் என்று இருந்தது. நீ பையைப் பார்ப்பாய் என்று தெரியும். பார்க்கும்போது உன் முகம் எப்படிப் போகும் என்றுகூட நினைத்துப் பார்த்தேன்.

அவன் உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. அவனுக்கே தெரியாது. விழுந்த அன்று காலையில் அவன் கண் சொருகுவதை நான் பார்த்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "எறங்கு" என்று சொல்ல வாயெடுத்தேன். இறங்கினால் ஏன் என்று நிஷிமுரா அம்மா கேட்பாள், பக்கத்து மரத்தடியில்தான் நின்றாள். ஹாருவுக்கு முடியவில்லை என்று என் வாயால் சொல்லவேண்டும். சொல்லாமல் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவன் என் தலைக்கு மேலாகப் போய் விழுந்தான்.

என்னைப் பற்றிக் கேட்டிருந்தாய். புருஷன் போனபின் வீடு சில நேரம் பெரிதாகிவிடுகிறது. சுவரெல்லாம் தள்ளித் தள்ளிப் போகிற மாதிரி. அப்போதுதான் போடுவேன். அவன் என்னுடையதை எடுத்துக்கொண்ட நாட்களில் எனக்கு வேண்டியிருக்கவில்லை, அவன்தான் வீட்டில் இருந்தானே. நீங்கள் கப்பல் ஏறின பிறகுதான் வேண்டியிருந்தது. அப்போது அட்டை காலி.

இங்கே மருத்துவமனைக்குப் போய், என் மாத்திரையை அவனுக்குக் கொடுத்ததைச் சொன்னேன். டாக்டர் திட்டினது எனக்கே கேட்டது.

மன்னிக்கச் சொல்லவில்லை. இனி அவனைத் தனியாக அனுப்பாதே.

மசாயோ


நீகாத்தா
ஜூன் 8

அண்ணிக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. சலவைக் கடையில் எதுவும் காயவில்லை. உங்களுக்கு முட்டி வலிக்கும் பருவம், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

ஏணியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாரம் உங்கள் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. பிறகு யோசித்தேன். அன்று நான் அங்கே நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன்? "எறங்குங்க" என்று உடனே கத்தியிருப்பேன். ஊருக்கே கேட்கும்படி, உங்களுக்கும் கேட்கும்படி. அதுவும் அவருக்காக மட்டும் இருந்திருக்காது. அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

எலும்பு கூடிவிட்டது. அச்சகத்தில் அரைநாள் வேலை, சத்தமில்லாத பிழைதிருத்தும் பிரிவு. தீவுக்குக் குடிபோகும் பேச்சை அவரே விட்டுவிட்டார். பதற்றம் வருகிறது, போகிறது. முன்பெல்லாம் உள்ளறைக்குப் போய்ப் போட்டுக்கொள்வார். போன வாரம் கூடத்தில் உட்கார்ந்தபடியே, "ஒண்ணு போட்டுக்கிறேன், தண்ணி கொடு" என்றார். கொடுத்தேன். என்னாலா, வேலையாலா என்று நாக்கு நுனிவரை வந்தது. தம்ளரை வாங்கிக் கழுவப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என் அம்மா வீட்டுக்குப் போனோம். கிளம்பும் முன் ஒன்று போட்டுக்கொண்டார். அங்கே இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார். என் தம்பி சின்ன வயதில் அச்சு மையைக் குடித்த கதையை அம்மா சொன்னபோது, தேநீர் மூக்கில் ஏறுகிற அளவுக்குச் சிரித்தார். திரும்பும்போது ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். இறங்கும் இடம் வந்தும் எழுப்ப மனமில்லாமல் அடுத்த நிலையம் வரை போய்விட்டு வந்தோம்.

அறுவடைக்கு இருவரும் வருகிறோம். இரண்டு படுக்கை விரித்து வையுங்கள்.

நீங்கள் மாத்திரை போட்டுக்கொள்ளும் நாளில் எனக்கு எழுதுங்கள். அவருக்கு எழுதவேண்டாம், அவர் பதறுவார். எனக்கு எழுதுங்கள்.

ரிட்சுக்கோ


சாதோ தீவு
ஜூன் 19

ரிட்சுக்கோவுக்கு,

இங்கேயும் மழை. முட்டி பரவாயில்லை. உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு.

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தேநீர் மூக்கில் ஏறின இடத்தில் நானும் சிரித்துவிட்டேன். ரயிலில் உன் தோளில் தூங்கினதாக எழுதியிருந்தாய். அதை இரண்டாம் தடவை படித்தேன். மூன்றாம் தடவையும் படித்தேன். பிறகு எழுந்துபோய் ஒன்று போட்டுக்கொண்டேன்.

எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். ஹாருவிடம் சொல்லாதே.

அதற்காக, அப்படிப்பட்டதை எனக்கு எழுதாமல் விட்டுவிடாதே.

மசாயோ